குறிப்புக் கட்டத்தில் குங்குமம்

வல்லம் வடகால்
15-9-2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

லேகா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறதாம். நாங்குநேரியில் மழையே இல்லையாம். உன் உடம்பு எப்படி?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் கல்யாணப் பேச்சு, ஏழாவது நிமிடம் சண்டை. போன மாதம் "இனி உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று வைத்துவிட்டாய். சரி, பேச வேண்டாம், எழுதிக்கொள்வோம். எழுதினால் நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பாய முடியாது. அருள்பாண்டி லீவு முடிந்து உங்கள் தொழிலாளர் கேம்ப்புக்குத் திரும்புகிறான். அவனிடம் இதையும் ஒரு பாக்கெட் கருப்பட்டி மிட்டாயும் கொடுத்துவிடுகிறேன். மிட்டாய் வழியில் குறைந்தால் அவனைக் கேள்.

ஒரு சேதி. கடலுக்கடியில் போகிற கரண்ட் கேபிளின் இரண்டு முனைகளைச் சேர்க்கிற இடத்தில் போடும் ரப்பர் உறைதான் நான் வார்ப்பது என்று உனக்குத் தெரியும். புதிதாக எட்டு உறைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பெட்டியில் ஒட்ட வேண்டிய விலாசத்தைப் படித்தால், கடல் தாண்டி நீ வேலை பார்க்கிற அதே தீவு. உன் சப்ஸ்டேஷன் பெயரே போட்டிருக்கிறது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே கேபிளின் இரண்டு பக்கத்தில் நிற்கிறோம். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவனுக்கு எதாச்சும் அதுலயே வச்சு அனுப்பு" என்றாள்.

பதில் எழுது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

உன் தங்கை,
சந்திரலேகா


27-9-2024, வெள்ளி

பாசமுள்ள லேகாவுக்கு,

அண்ணன் உச்சிமாகாளி. சுகமாக இருக்கிறேன். மிட்டாய் பாதிதான் வந்தது. அருள்பாண்டி சத்தியம் செய்கிறான், நம்பவில்லை.

விலாசத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ரூமில் எல்லோரிடமும் காட்டினேன். இந்தத் தீவுக்குக் கரையிலிருந்து இரண்டு கேபிள்கள் உண்டு. ஒன்று போன வருஷம் செத்துப்போனது. மிச்சமிருக்கும் ஒன்றுக்கு வயது முப்பத்தைந்து, என்னைவிட மூத்தது. இப்போது தீவின் மொத்தப் பாரமும் அதன் தலையில்தான். அதன் சூட்டைக் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே என் ஷிப்ட் போகிறது. சூடு ஏறினால் லோடைக் குறைக்க வேண்டும். எப்படிக் குறைப்போம் என்பதெல்லாம் உனக்கு வேண்டாத கதை.

ஜனவரியில் கேபிள் போடும் கப்பல் வருகிறது. கோடைக்கு முன்னால் புதுக் கேபிள் ஏறிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அதனால் உன் எட்டு உறையையும் சீக்கிரம் வார்த்து அனுப்பு.

பென்சிலில் எழுதுகிறேனே என்று வருத்தப்படாதே. இங்கே நல்ல பேனா கிடைப்பதில்லை.

நீ கேட்ட ஒரு வரி: மறைமலை நகர் கார் கம்பெனியில் இருக்கும் மணிகண்டபிரபு நல்ல பையன்.

இப்படிக்கு உன் நலம் தேடும்,
அண்ணன்


வல்லம் வடகால்
20-10-2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். உன்னைத் தவிர யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

உறை வார்க்கும் அறைக்குள் தூசி ஆகாது. வாசலிலேயே பொட்டை அழித்து, பூவை எடுத்து, தலைக்குத் தொப்பி போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஆயுத பூஜைக்குக்கூட எங்கள் சூப்பர்வைசர் எல்லப்பன் அண்ணன் வாசலுக்கு வெளியே கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து முடித்துவிடுவார். இந்த ஊர்க்காரர், பூஜையில் ஒரு குறையும் வைக்க மாட்டார், ஆனாலும் அந்த அறைக்குள் ஒரு துளி விபூதி கொண்டுபோக மாட்டார். இந்த வருஷம் லீவுக்கு முந்தின நாளே, பத்தாம் தேதி, பூஜை. லேத்துக்குப் பொட்டு, கிரேனுக்குப் பொட்டு, லாரிக்குப் பொட்டு, கேன்டீன் கிரைண்டருக்குக்கூடப் பொட்டு. தினமும் என் கை படுகிற அச்சுக்கு மட்டும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் பொரி வாங்கப் போன சமயம் உள்ளே போய், அச்சின் விளிம்பில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். கும்பிட்டேன். வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அச்சைத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். நாளுக்கு ஒன்றாக நாலு உறை வார்த்தாயிற்று. வியாழக்கிழமை நாலாவதை எடுத்த பிறகு அச்சின் உள்பக்க மடிப்பைத் துடைத்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பு.

காய்ந்த குங்குமம் உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது. நாலில் எதற்குள் போயிற்று, போயிற்றா இல்லையா, எதுவும் தெரியாது. ரப்பர் கறுப்பு, வெளியே தெரியாது. நாலும் ஹை வோல்டேஜ் டெஸ்ட்டில் பாஸ். வார்த்தவள் என்று தாளில் நான் கையெழுத்துப் போட்டால் பெட்டி கிளம்பிவிடும். ஆனால் உள்ளே ஒரு பொடி இருந்தால் இன்று ஒன்றும் ஆகாது. கடலுக்கடியில் நாலு வருஷமோ ஆறு வருஷமோ அந்தப் பொடியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, ஒரு நாள் வெடிக்கும்.

அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அறுத்தால் நாலும் வீண். அதற்கான ரப்பர் வெளிநாட்டிலிருந்து மறுபடி வர வேண்டும், ஜனவரிக் கப்பலுக்குக் கிடைக்காது. நாளைக் காலை எல்லப்பன் அண்ணனிடம் சொல்லப் போகிறேன்.

உன் தங்கை,
லேகா


1-11-2024, வெள்ளி

லேகாவுக்கு,

அம்மா போனில் பேசினாள், நலமாக இருக்கிறாள். மற்ற விசாரிப்பு பிறகு.

உனக்குப் புத்தி இருக்கிறதா? அச்சுக்குப் பொட்டு வைத்தது ஒரு பைத்தியக்காரத்தனம். அதை ஊரைக் கூட்டிச் சொல்வது இன்னொன்று. டெஸ்ட் பாஸ் என்று நீயே எழுதுகிறாய். இல்லாத பொடிக்காக இருக்கிற கப்பலை விடச் சொல்கிறாயா? அந்தக் கப்பல் ஜனவரியை விட்டால் வேறு கடலுக்குப் போய்விடும். திரும்ப ஜூன் ஆகிவிடும். இன்னொரு கோடை முழுவதும் இந்தக் கிழட்டுக் கேபிளை வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்கிறாயா?

ஆறு வருஷம் கழித்து வெடிப்பதை ஆறு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கோடை வரப்போவது நிச்சயம்.

கையெழுத்துப் போடு. வேலையைக் காப்பாற்றிக்கொள். அண்ணனாகச் சொல்கிறேன்.

உச்சிமாகாளி


வல்லம் வடகால்
8-12-2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ கோபமாக இருந்தாலும் நலமாக இரு. நான் கையெழுத்துப் போடவில்லை.

எல்லப்பன் அண்ணனிடம் சொன்னபோது அவர் இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். எதற்கு என்று அப்போதே தெரிந்தது. "டெஸ்ட் ரிப்போர்ட் சுத்தமா இருக்கும்மா, நீ எதுக்கு மனசுல இருக்கிறதை எல்லாம் பேப்பர்ல கொண்டுவர்றே?" என்றார். செய்தவளின் கையெழுத்து இல்லாமல் பெட்டி வெளியே போகாது. நவம்பர் முழுக்கத் தாளை என் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தார்கள். லைனில் பாதிப்பேர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. என்னால் அடுத்த வருஷம் கேட்டுக்குள் பூஜையே கிடையாது என்று ஒரு பேச்சு. ரூமில் பிரவீனாகூட, "ஒரு கையெழுத்துதானே அக்கா" என்றாள். ஆமாம், ஒரு கையெழுத்துதான். அதனால்தான் போடவில்லை.

கடைசியில் தாளை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தை விட்டுவிட்டு, 'குறிப்பு' என்ற கட்டத்தில் தமிழில் எழுதினேன்: 'நாலு உறையிலும் குங்குமம் போயிருக்கலாம். அறுத்துப் பார்க்க வேண்டும்.' தமிழில்தானே இருக்கிறது, வெள்ளைக்காரன் எங்கே படிக்கப் போகிறான் என்று மேனேஜர் அதை அப்படியே ஃபைலில் வைத்துவிட்டார்.

உறையை வாங்குகிற கம்பெனியின் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். நிதானமான மனிதர். ஒவ்வொரு தாளாகப் புரட்டியவர் அந்த இடத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். மேனேஜர், "ஆபரேட்டர் பேர்" என்றார். எனக்கு அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை. அப்போது எல்லப்பன் அண்ணன் முன்னால் வந்தார். தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் வழித்து, அந்த வெள்ளைத் தாளில் ஒற்றினார்.

"இதான் சார் அது. இது உள்ள பூந்துக்கீது. அந்தப் பொண்ணு அன்னிக்குப் பண்ணது தப்பு. இன்னிக்கு அது சொல்றது தப்பு இல்ல."

இன்ஸ்பெக்டருக்கு ஒருவர் மொழிபெயர்த்தார். நாலையும் அறுக்கச் சொன்னார். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை உன்னிடம் எழுத முடியாது. மூன்றாவதை வில்லை வில்லையாகச் சீவியபோது, நடுவில், எள்ளில் பாதி அளவு சிவப்பு. நான் அழுதேன். சந்தோஷமா வெட்கமா என்று இன்னும் தெரியவில்லை, இரண்டும்தான். நாலாவதில் ஒன்றும் இல்லை. "நல்ல பீஸு, வீணாப் போச்சு" என்றார் மேனேஜர். போகட்டும்.

ஜனவரிக் கப்பல் தவறிவிட்டது. எனக்கு மெமோ கொடுத்து, பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சிவப்பு வில்லையில் ஒரு துண்டை எல்லப்பன் அண்ணன் எனக்கு வெட்டிக் கொடுத்தார். உனக்கு அனுப்புகிறேன். இல்லாத பொடி என்று எழுதினாயே, பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சந்திரலேகா


வல்லம் வடகால்
2-3-2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று மாதம் ஆகிறது. பொங்கலுக்குக்கூட ஒரு வரி இல்லை. அம்மாவோடு வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிறாயாம், நலம் என்கிறாயாம். எனக்கு மட்டும் வாய்ப்பூட்டா?

ரப்பர் வந்துவிட்டது. வேறொருவரை வைத்து இரண்டு உறை வார்த்துப் பார்த்தார்கள், இரண்டும் கழற்றும்போது கிழிந்தன. போன வாரம் என்னை மறுபடி அச்சுக்கு அழைத்துக்கொண்டார்கள். மெமோவை மட்டும் திரும்ப வாங்கவில்லை. "அதுவும் இருக்கட்டும், நானும் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மணிகண்டபிரபு வீட்டார் மாசி முடிவதற்குள் பதில் கேட்கிறார்களாம். பையன் என்னிடம் இரண்டு முறை பேசினான். இரண்டு முறையும், கல்யாணத்துக்குப் பிறகு ஷிப்ட் வேலை வேண்டாம் என்று ஆரம்பித்தான். வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன், வேலையை அல்ல.

திட்டியாவது எழுது.

லேகா


18-4-2025, வெள்ளி

லேகாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. இங்கே வெயில் தொடங்கிவிட்டது, அது எப்போதும் உள்ளதுதான். உன் துண்டு கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரூம்மேட் மகாராஜா ஊருக்கு வருகிறான். அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நிறைய பேச வைக்காதே.

உறை எப்போது வரும்?

அண்ணன்


வல்லம் வடகால்
4-5-2025, ஞாயிறு

அண்ணே,

நலமா என்று இன்றைக்கு நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பொய் சொல்வாய்.

மகாராஜா ஏர்போர்ட்டில் இறங்கி நேராக ரயில் பிடித்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்தார். ஸ்டேஷனில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. போட்டோவில் பார்த்த உடம்பில் பாதிகூட இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போகலாம் என்றால் படி ஏற முடியவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் போய்விட்டதாம். பகல் ஷிப்ட் என்றால் நாள் முழுக்க வெயிலில் ரோட்டு வேலை, ராத்திரி ஷிப்ட் என்றால் பகலில் தூக்கம் இல்லை.

நீ சொல்லாததை எல்லாம் அவர் சொன்னார். மீட்டரில் சூடு ஏறினால் முதலில் இறக்குவது உங்கள் கேம்ப் கரண்டைத்தான். மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை, சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை. தகரக் கூரை, ஒரு ரூமில் பன்னிரண்டு பேர். எதிரே மால் ஜொலிக்குமாம். நீ எனக்கு எழுதுவது வெள்ளி மதியம், சரியாக அந்த நேரத்தில். வியர்வை சொட்டி மை கரைந்துவிடும் என்றுதான் பென்சில் என்றும் சொன்னார். நல்ல பேனா கிடைக்கவில்லையாம். அந்த ஊரில்.

நான் இங்கே கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேனே, அது உன் தலையில் விடிந்திருக்கிறது. இன்னொரு கோடை என்று நீ எழுதியது இதைத்தான் என்று எனக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் மகாராஜா சொல்லவில்லை. கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த கேம்ப் சுவிட்சை இறக்குவது யார்?

நாலு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எழுதியாவது சொல்.

லேகா


30-5-2025, வெள்ளி

பாசமுள்ள தங்கைக்கு,

போனை எடுத்திருந்தால் அழுதிருப்பேன். அதனால் எடுக்கவில்லை.

நான்தான். என் ஷிப்டில் நான்தான் இறக்குவேன். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பன்னிரண்டு மணிக்கு அந்தப் பிடியைத் திருப்புவேன். அந்த நேரம் மகாராஜா அங்கே தூங்க முயன்றுகொண்டிருப்பான் என்று தெரிந்தே திருப்புவேன். இரண்டு கோடை. சாயங்காலம் ரூமுக்குப் போனால் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நவம்பரில் உன்னைத் திட்டி எழுதியது அதனால்தான். அதற்குப் பிறகு உன் கடிதமும் சிவப்புத் துண்டும் வந்தன. நிஜத்தைச் சொன்னால் நீ அடுத்த எட்டு உறைக்கும் அவசரப்படுவாய். என் வெயிலுக்காக நீ கையெழுத்துப் போடக் கூடாது என்று அதன் பிறகு எழுதாமல் இருந்தேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுதவும் கை கூசியது.

மகாராஜா பிளேன் ஏறிய மறுநாள் எனக்குப் பகல் ஷிப்ட். பன்னிரண்டுக்கு உத்தரவு வந்தது. எங்கள் பதிவுப் புத்தகத்திலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு லேகா. அதில் எழுதினேன்: 'கேம்ப்பில் அறுநூறு பேர் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்குகிறார்கள். இறக்க மாட்டேன். எதிரே உள்ள மால், பங்களாக்கள் இவற்றையும் முறை வைத்து இறக்கலாம். உச்சிமாகாளி.' இன்ஜினியர் என்னைத் தள்ளிவிட்டு அவரே திருப்பினார். அடுத்த ஷிப்ட்காரனிடம் உன் துண்டைக் காட்டி, நீ செய்ததைச் சொன்னேன். மறுநாள் அவனும் அதே கட்டத்தில் எழுதினான். மூன்றாம் நாள் இன்னொருவன். நாலாம் நாள் முறை வைத்துவிட்டார்கள்: மால் ஒரு மணி நேரம், பங்களா ஒரு மணி நேரம், கேம்ப் ஒரு மணி நேரம். பங்களாவில் ஒரு மணி நேரம் கரண்ட் போனதற்கு வந்த புகார், இரண்டு வருஷம் கேம்ப்பில் போனதற்கு வரவில்லை.

என்னைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்து, கடற்கரையில் கேபிள் குழி தோண்டுகிறவர்களோடு போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டார்களாம். நீட்ட வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

நீ அவசரப்படாதே. தாங்குவோம்.

உன் அண்ணன்


வல்லம் வடகால்
15-6-2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தண்ணீர் நிறையக் குடி. உப்புப் போட்டுக் குடி. மகாராஜாவை அம்மா போய்ப் பார்த்தாள். பாளையங்கோட்டையில் வைத்தியம் நடக்கிறது. என்னிடம் போனில், "உங்க அண்ணன் மேல எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். நீ அதை நம்புவதற்கு நாள் ஆகும், ஆகட்டும்.

எட்டு உறையும் போயாயிற்று. ஒன்றைக்கூட அவசரத்தில் வார்க்கவில்லை. உன்னை நினைத்துக் கை ஓடியபோதெல்லாம் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனேன். எட்டுத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன், தமிழில், முழுப் பெயரும். குறிப்புக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. பெட்டியை ஏற்றும்போது எல்லப்பன் அண்ணன் லாரிக்கு மட்டும் கற்பூரம் காட்டினார், கேட்டுக்கு வெளியே நின்று. என்னைப் பார்த்து, "இன்னா, போதுமா?" என்றார். போதும் என்றேன்.

இனி உன் பக்கம்.

சந்திரலேகா


1-8-2025, வெள்ளி, மதியம் ஒரு மணி

என் லேகாவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே.

கப்பல் வந்து, கேபிள் இறங்கி, கரைக் குழிக்குள் கடைசி இணைப்பை ஒரு வெளிநாட்டுக்காரர் போட்டார். நான் பக்கத்தில் கூடாரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியைத் திறந்து தாளை எடுத்தவர், அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டி, இது உங்கள் ஊர் எழுத்தா என்று கேட்டார். என் தங்கை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாவிட்டால் என்ன, குழிக்குள் இறங்கி அந்த உறையை ஒரு முறை தொட்டுவிட்டு ஏறினேன். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன், பயப்படாதே.

செவ்வாய்க்கிழமை புதுக் கேபிளில் கரண்ட் ஏற்றினார்கள். கிழட்டுக் கேபிளை அன்றைக்கே பிரித்துவிட்டார்கள். எனக்கு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி டிக்கெட். மணிகண்டபிரபு வீட்டார் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானே போன் செய்து, என் தங்கைக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். நீ ஒன்றை வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. அவர்கள் காரணம் கேட்டார்கள். அவளைக் கேளுங்கள், தைரியம் இருந்தால், என்றேன்.

இன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு அடித்தபோது ரூமில் விழித்திருந்தது நான் மட்டும்தான். பழக்கதோஷம், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்கும் ஓடியது. மகாராஜாவின் கட்டிலில் இப்போது புதுப் பையன் ஒருவன் இருக்கிறான், அவனும் சேர்த்துப் பதினோரு பேரும் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். ஒருத்தன்கூட எழுந்திருக்கவில்லை.

இதைப் பேனாவில் எழுதுகிறேன், பார்த்தாயா.

உன் அண்ணன்,
உச்சிமாகாளி